ஞாயிற்றுக்கிழமைத் தீவு

எங்கள் பள்ளியின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மாதம் ஒருமுறையாவது நான் மைக் பிடித்துப் பேசுவேன். செல்போனில் துப்பாக்கி விளையாட்டு ஆடி வீணாய்ப் போகும் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு அது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கொடிக்கம்பத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் காக்கையைப் பார்ப்பார்கள். பேசி முடித்து இறங்கும்போது என் பேச்சில் எனக்கே ஒரு திருப்தி இருக்கும். இந்தப் பேச்சைப் பேசிக்கொண்டிருந்த மூன்று வருடங்களிலும், ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு வேட்டியை மடித்துக் கட்டி, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நான் ஒரு தீவில் ஆட்களைச் சுட்டுக்கொண்டிருந்தேன். வயது ஐம்பத்து மூன்று. கணக்கு வாத்தியார்.

இதற்கெல்லாம் என் மகள்தான் காரணம். இப்படிச் சொன்னால் பழியைத் தூக்கி அவள் மேல் போடுகிறேன் என்பார் என் மனைவி. போடத்தான் செய்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை நியாயமாக இருக்காது.

மகள் எட்டாவது படிக்கும்போதே அவளை என் அக்கா மகனுக்குக் கட்டிக்கொடுப்பதாக நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. ஒரு காதுகுத்து விருந்தில் வயிறு நிறையச் சாப்பிட்டு வெற்றிலை போட்ட சந்தோஷத்தில் நானாகக் கொடுத்தது. படிப்பு முடிந்து சென்னையில் வேலை கிடைத்த வாரம், அவள் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "அத்த பையன கட்டிக்க முடியாதுங்கப்பா. அவரு மேல ஒரு குத்தமும் இல்ல. என்னால முடியாது," என்றாள். நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் அன்றோடு போயிருக்கும். பேசுவதை நிறுத்திக்கொண்டேன். வேலையில் சேரக் கிளம்பிய அன்று மொரப்பூர் ஸ்டேஷனுக்கு அவளை என் வண்டியில் கொண்டுபோய் விடவில்லை. எங்கள் ஊரிலிருந்து நாலு மைல்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போனாள்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் எங்களுக்குள் போனில் நடந்த பேச்சு முழுவதையும் ஒரே வரியில் எழுதிவிடலாம். "சாப்டியா?" "சாப்டேங்ப்பா." "அம்மாகிட்ட குடுக்கறேன்." வாரத்துக்கு இரண்டு முறை இதே மூன்று வாக்கியங்கள். நான்காவது வாக்கியம் எனக்கு வரவில்லை. முதல் வார்த்தையை அவள் எடுக்கட்டும் என்று வீராப்பாக இருந்தேன். அவளும் என் மகள்தானே, எடுக்கவில்லை.

அடுத்த வருடம் மாங்காய்க் காலத்தில், கூலிக்கு வந்த ஆட்களுக்கு முன்னால் என் திறமையைக் காட்டுவதற்காக மரத்தில் ஏறினேன். ஏறியது நன்றாகத்தான் ஏறினேன். இறங்கியதுதான் நேராகத் தரைக்கு வந்துவிட்டது. காலில் மாவுக்கட்டு, ஆறு வாரம் கட்டில். மகள் நான்கு நாள் லீவு போட்டு வந்தாள். முதல் நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். சாப்பிட்டேனா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். அதற்குமேல் இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. சற்று நேரம் மின்விசிறியைப் பார்த்துவிட்டு அவள் தன் லேப்டாப்பைத் திறந்து எதையோ ஆட ஆரம்பித்தாள்.

படுத்த இடத்திலிருந்தே எனக்குத் திரை தெரிந்தது. ஒரு துப்பாக்கி. முன்னால் ஆளுயரப் புல். புல்லுக்கு அப்பால் தகரக் கொட்டகைகள், ஒரு கோபுரம். அவள் இடது பக்கமே பார்த்துக்கொண்டு மெல்ல நகர்ந்தாள். வலது பக்கம் பாறைக்குப் பின்னால் ஒருவன் ஒளிந்திருந்தது எனக்குத் தெரிந்துவிட்டது. பரீட்சை ஹாலில் பிட் அடிப்பவனை முப்பது வருடமாகத் தேடிப் பழகிய கண்.

"பாப்பா, பாறைக்குப் பின்னால ஒருத்தன் குந்திகிட்டு இருக்கான் பாரு," என்றேன்.

அவள் திரும்பி அவனைச் சுட்டாள். "தேங்ஸ்ப்பா," என்றாள். ஒரு வருடத்தில் எங்களுக்குள் நடந்த முதல் நான்காவது வாக்கியம் அதுதான். அவள் ஊருக்குக் கிளம்பும்போது லேப்டாப்பையும் ஆட்டத்துக்கான கன்ட்ரோலர் கைப்பிடியையும் எனக்கே விட்டுவிட்டுப் போனாள். தனக்கு வேறொன்று வாங்கிக்கொள்ளப் போவதாகவும், என் கால் கூடும்வரை பொழுது போகட்டும் என்றும் சொன்னாள். கால் ஆறு வாரத்தில் கூடிவிட்டது. பொழுது மூன்று வருடம் போயிற்று.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கடலுக்கு நடுவே ஒரு பெரிய தீவு. ஒரு கொடுங்கோலன் அதைப் பிடித்து வைத்திருக்கிறான். அவன் ஆட்கள் தீவு முழுக்க நாற்பது முகாம்கள் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முகாமாகப் பிடித்துக் கொடியை மாற்ற வேண்டும். எதை முதலில் பிடிப்பது, எந்த வழியில் போவது, போகாமலே இருப்பதா என்பதெல்லாம் நம் இஷ்டம். மீன் பிடிக்கலாம். ஜீப்பை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் சுற்றலாம். ஒரு பாறை மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்க ஆள் கிடையாது. மணி அடித்தால் வகுப்பு, மணி அடித்தால் வீடு என்று முப்பது வருடம் இருந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய சுகம் என்று எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முதல் இரண்டு வாரம் நான் யாரையும் சுடவே இல்லை. சும்மா நடந்தேன். கட்டிலில் கால் கட்டோடு கிடந்தபடி அப்படி நடந்தேன்.

சுட ஆரம்பித்த பிறகுதான் வினை. கைப்பிடியில் பதினாறு பொத்தான்கள். தூரத்தில் இருப்பதைப் பைனாகுலரில் பார்க்க ஒன்று, கையெறி குண்டைப் போட அதற்குப் பக்கத்திலேயே ஒன்று. முகாமை நோட்டம் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு என் காலடியிலேயே குண்டைப் போட்டுவிட்டு, ஏன் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை என்று யோசித்தபடி நிற்பேன். அப்படிச் செத்தது எத்தனை முறை என்று கணக்கு வாத்தியாரே கணக்கு வைக்கவில்லை. செத்தால் கடைசியாகத் தங்கிய குடிசையிலிருந்துதான் மறுபடி தொடங்க வேண்டும். ஒரு மணி நேரம் மலையேறி, உச்சியில் காட்டுப்பன்றி முட்டிக் கீழே விழுந்து, அடிவாரக் குடிசையில் கண் விழிக்கும்போது வரும் கோபம் எனக்கு எந்த மாணவன் மேலும் வந்ததில்லை.

கால் சரியானதும் மகள் சென்னையிலிருந்தபடியே என்னோடு சேர்ந்து ஆட ஆரம்பித்தாள். ஞாயிறு காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை. தீவு என் லேப்டாப்பில்தான் சேமித்து வைக்கப்பட்டிருந்தது. அவள் அதற்குள் விருந்தாளி மாதிரி வந்து போவாள். நான் ஜெயித்த முகாம் அவளுக்கும் ஜெயித்ததுதான், நான் விட்டது அவளுக்கும் விட்டதுதான். நடுவில் எங்கள் ஊரில் கரண்ட் போனால் இணையமும் போய்விடும். மகள் நடுக்காட்டில் ஒரு காலைத் தூக்கியபடி உறைந்து நிற்பாள். எனக்கு அதைப் பார்க்கவே என்னவோ போலிருக்கும். வெளியே ஓடி, டிரான்ஸ்பார்மர் இருக்கும் திசையைப் பார்த்து முறைத்துவிட்டு வருவேன். அதனால் கரண்ட் வந்ததில்லை.

ஜீப்பை நான் ஓட்டினால் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பேன். தொப்பூர் மலைப்பாதையில் லாரிகளைப் பார்த்தவன் அடிக்காமல் எப்படித் திரும்புவது? எதிரி முகாமுக்குப் பின்பக்கமாக ஓசைப்படாமல் போக வேண்டிய நேரத்திலும் கை தானாக அடித்துவிடும். முகாமே எழுந்து வந்து எங்களை வரவேற்கும். மகளின் பெருமூச்சு மட்டும் ஹெட்போனில் கேட்கும்.

ஒருமுறை ஒரு முகாமுக்கு முன்னால் பெரிய சோளக்காடு இருந்தது. அதற்குள் குனிந்து போனால் கோபுரத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. அதற்காகத்தான் அந்தச் சோளத்தையே அங்கே வைத்திருக்கிறார்கள். மகள் உள்ளே புகுந்தாள். நான் வரப்பில் நடந்தேன். கதிர் பிடித்து நிற்கும் பயிரை மிதிக்க எனக்குக் கால் வரவில்லை. கோபுரத்துக்காரன் வரப்பு மேல் நிமிர்ந்து நடந்து வரும் என்னைச் சாவகாசமாகக் குறி பார்த்துச் சுட்டான்.

"அப்பா, அது நெசச் சோளம் இல்லீங்கப்பா," என்றாள் மகள்.

"தெரியும் பாப்பா. இருந்தாலும் வெளஞ்சு நிக்குதே."

அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. விட்டு விட்டு ஐந்து நிமிடம் சிரித்தாள். அந்த வாரம் முழுக்க நான் பள்ளியில் யாரையும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் மற்ற ஆறு நாட்களையும் ஓட்டினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அது நின்றுபோனால் எங்களுக்கு மறுபடியும் அந்த மூன்று வாக்கியங்கள்தான் மிஞ்சும் என்பது எனக்குத் தெரியும். ஆட்டத்துக்கு வெளியே நாங்கள் இன்னும் அப்படித்தான் இருந்தோம். பொங்கலுக்கு வந்தால் கறி எடுத்துப் போடுவேன், அவள் சாப்பிடுவாள், எதிரெதிரே உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொள்வோம்.

என் மனைவிக்கு இது பிடிபடவே இல்லை. "ஏங்க, புள்ளைகிட்ட மனசு வுட்டு நாலு வார்த்த பேசுங்கன்னா, ரெண்டு பேரும் சேந்து எவனயோ சுட்டுகிட்டு இருக்கறீங்க," என்பார்.

உண்மை என்னவென்றால், சுடுவதில் எனக்கு ஒரு வசதி இருந்தது. நடுநடுவே மகள் பேச்சை எங்கேயோ கொண்டுபோகப் பார்ப்பாள். "அப்பா, நான் வேலைக்குக் கெளம்புன அன்னிக்கி..." என்று ஒருமுறை ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துச் சாலையில் எதிரிகளின் ஜீப் ஒன்று வந்தது. "பாப்பா, பின்னால பாரு," என்று கத்தினேன். சண்டை முடிவதற்குள் மணி பன்னிரண்டாகிவிட்டது. அந்த ஜீப்பில் வந்த நாலு பேருக்கும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டுதான் சுட்டேன். இப்படிப் பல தடவை. யாரும் வராவிட்டால் நானே ஒரு முகாமைப் பார்த்து ஹாரன் அடித்திருக்கிறேன். பழக்க தோஷம் என்று அவளிடம் சொல்லிவிடுவேன்.

போன வருடம் மே மாதம், தனக்கு ஆபீசில் வேலை நெருக்கடி என்றும் மூன்று ஞாயிறு வர முடியாது என்றும் சொன்னாள். குரல் களைத்துப்போயிருந்தது. "இன்னும் பதினாறு மொகாம்தானப்பா பாக்கி. வந்து சேந்து முடிச்சிரலாம்," என்றாள்.

போனை வைத்ததும் எனக்கு மனது கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூரில் இருக்கும் பெண்பிள்ளை வீட்டுக்கு வருகிறாள் என்றால், வருவதற்குள் இருக்கிற வேலையை எல்லாம் முடித்துவிடுவோம். கடலைக்காய் பிடுங்கப் பத்து நாள் இருந்தாலும் ஆள் விட்டு முன்னாலேயே பிடுங்கிவிடுவோம். கேழ்வரகு அரைத்துத் தயாராக இருக்கும். தண்ணீர்த் தொட்டியைக் கூடக் கழுவி வைத்துவிடுவோம். வந்த பிள்ளை உட்கார்ந்து சாப்பிட வேண்டும், ஓய்வெடுக்க வேண்டும், அவ்வளவுதான். வந்த இடத்தில் அவள் துடைப்பத்தை எடுத்துவிட்டால் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அவமானம். பாவம், அங்கே ஆபீசில் அப்படி உழைத்துவிட்டு இங்கே வந்தும் பதினாறு முகாமா? நான் எதற்கு இருக்கிறேன்?

கோடை விடுமுறை வேறு. காலையில் மாட்டுக்குத் தீவனம் போட்டுவிட்டு உட்காருவேன், வெயில் தாழ்கிறவரை எழுந்திருக்க மாட்டேன். ஒரு முகாமுக்கு இருபது முறை செத்தேன். ஹாரனில் டேப் ஒட்ட முடியாது என்பதால் ஜீப்பை விட்டு நடந்தே போனேன். வடக்குக் கரையில் ஒரு கோட்டை, அதற்கு மட்டும் நாலு நாள் ஆயிற்று. மூன்றாவது நாள் கைப்பிடியை மெத்தை மேல் எறிந்துவிட்டு, மாந்தோப்பில் போய் அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தேன். என் மனைவி எட்டிப் பார்த்து, "ரிட்டயர் ஆவறதுக்கு முன்னாலயே இப்பிடி ஆயிட்டீங்களே," என்று சொல்லிவிட்டுப் போனார். போகிற போக்கில், வழியில் முட்ட வந்த காட்டுப்பன்றிகளையும் தீர்த்துக் கட்டினேன். மகளை ஏதும் முட்டிவிடக் கூடாதல்லவா.

மூன்றாவது வாரக் கடைசியில் நாற்பதாவது கொடியும் மாறியது. திரையில் மத்தளம் கொட்டினார்கள். தீவு விடுதலையானது என்று எழுத்து வந்தது. ஐம்பத்து மூன்று வயதில் நான் எழுந்து நின்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். சின்ன வயதில் ஒரு பந்தயத்திலும் ஜெயித்தவனில்லை நான். ஞாயிறு எப்போது வரும் என்று இருந்தது.

ஞாயிறு பதினொன்றுக்கு அவள் வந்தாள். குடிசையை விட்டு வெளியே வந்து சுற்றிப் பார்த்தாள். சாலையில் மக்கள் கூடை சுமந்துகொண்டு நடந்தார்கள். ஒரு துப்பாக்கியும் இல்லை.

"என்னங்ப்பா, ஒருத்தரயும் காணோம்?"

"முடிச்சிட்டேன்," என்றேன். அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்று மூன்று நாளாகப் பழகி வைத்திருந்தேன்.

"எல்லாத்தயுமா?"

"பதினாறும். நீ வந்து சிரமப்படக் கூடாதில்ல."

கரண்ட் போய்விட்டதோ என்று மேலே பார்த்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்பா," என்றாள் மெதுவாக. "அதுக்குத்தான நான் வரதே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முகத்தில் அசடு வழிந்தது. நல்லவேளை, அவளுக்கு என் முகம் தெரியாது, துப்பாக்கி பிடித்த ஒரு வாலிபன் முகம்தான் தெரியும். மகள் வந்தால் அவளோடு செய்வதற்கென்று எனக்கு இந்த உலகத்தில் இருந்தது ஒரே ஒரு வேலை. அதைத் துடைத்துக் கழுவி முடித்து வைத்துவிட்டு, பாராட்டுக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். முதலிலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாமா என்று அவசரமாகக் கேட்டேன். எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன், ஒரு நிமிடம்தான் என்றேன்.

"வேண்டாங்ப்பா. வண்டில ஏறுங்க. சும்மா ஒரு சுத்து சுத்தலாம்."

அவள் ஓட்டினாள். நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். நாங்கள் மூன்று வருடம் ஊர்ந்தும் ஒளிந்தும் போன பாதையில் ஜீப் தடையில்லாமல் போயிற்று. பிடித்த முகாம்களில் இப்போது துணி காயப்போட்டிருந்தார்கள். பத்து நிமிடத்தில் தெற்குக் கரைக்கு வந்துவிட்டோம். அவள் வண்டியை மணலில் நிறுத்தினாள். அலை வந்து வந்து போயிற்று.

"அப்பா, நான் மெட்ராஸ் கெளம்புன அன்னிக்கி, ஏம்ப்பா ஸ்டேசனுக்குக் கொண்டாந்து வுடல?"

நான் திரையில் இடது பக்கம் பார்த்தேன். வலது பக்கம் பார்த்தேன். பாறைக்குப் பின்னால் பார்த்தேன். ஒரு ஜீப்பும் வரவில்லை. ஒரு பன்றி கூட இல்லை. அத்தனை பேரையும் நானே மெனக்கெட்டுத் தீர்த்திருந்தேன்.

"வண்டில பெட்ரோல் இல்லன்னு அன்னிக்கே அம்மாகிட்ட சொல்லி வுட்டனே பாப்பா," என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே சகிக்கவில்லை.

ஹெட்போனில் அவள் மூச்சு விடுவது கேட்டது. கணக்கில் ஒரு பையன் விடை தெரியாமல் நின்றால் நான் பிரம்போடு காத்திருப்பேன். அவள் சும்மா காத்திருந்தாள். அது அதைவிட வலித்தது.

"இருந்துச்சு சாமி," என்றேன். "பெட்ரோல் இருந்துச்சு. வேணும்னுதான் வுடல. அக்காகிட்ட என் வார்த்த போயிருச்சேன்னு கோவம். நீ பெட்டியத் தூக்கிகிட்டுப் போறத ஜன்னல் வழியா பாத்துகிட்டுத்தான் இருந்தேன். தப்பு எம்மேலதான்."

அலை இரண்டு முறை வந்து போயிற்று.

"தெரியும்ப்பா," என்றாள். "அன்னிக்கி வாசல்ல எறங்கும்போதே வண்டிய ஒரு ஆட்டு ஆட்டிப் பாத்தேன். டேங்க்ல பெட்ரோல் சலசலன்னு இருந்துச்சு."

நாலு வருடமாக இதை மனதில் வைத்துக்கொண்டுதான் அவள் ஒவ்வொரு ஞாயிறும் என்னோடு புல்லுக்குள் ஊர்ந்து வந்திருக்கிறாள். துண்டை வாயில் பொத்தியும் அழுகை அடங்கவில்லை, மைக்கை நிறுத்தும் பொத்தானைத் தேடினேன். அந்தப் பதினாறு பொத்தான்களில் அது எது என்று அந்த நேரத்துக்கு நினைவு வரவில்லை. அதனால் அவளுக்கு எல்லாமே கேட்டது.